ஒரு படுக்கை, இரண்டு ஷிப்டு

அன்று, சக்கரங்கள்மேல் நின்ற அந்த வண்டிவீட்டுக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தவர் ஆர்விட் டொலிஃப்சன். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஹார்லன். ஆர்விட்டின் ஊர்க்காரர், தேவாலயத்தில் முன்பெஞ்சு பின்பெஞ்சு பழக்கம். அடுப்பில் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டே ஆட்டத்தையும் விடாமல் ஆடியவன் லானி. லூசியானாக்காரன், வாய் ஓயாதவன். நான்காவது ஆள் ஆர்விட்டின் தம்பி கர்ட்டிஸ். அவன் ஆட்டத்தில் இல்லை. மேசைக்கு ஒரு கை தூரத்தில், ஒரு துணித்திரைக்குப் பின்னால், கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவன் தூங்குவதாக மற்ற மூவரும் வைத்துக்கொண்டார்கள்.

மின்னசோட்டாவில் டொலிஃப்சன் குடும்பம் மூன்று தலைமுறையாக மாடு வைத்துப் பிழைத்தது. பால் விலை படுத்தது, மாடுகள் ஏலத்தில் போயின, கொட்டகை காலியானது. மிச்சம் இருந்தது நிலமும் பெயரும்தான். நார்த் டகோட்டாவில் எண்ணெய் பொங்குகிறது, லாரி ஓட்டத் தெரிந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஹார்லன் சொல்லியனுப்பினார். நிலத்தையாவது காப்பாற்றுவோம் என்று ஆர்விட் கிளம்பினார். தன் மனைவி ஜெனெல்லை ஊரில் விட்டுவிட்டு வர மனமில்லாத தம்பி கர்ட்டிஸையும் அவர்தான் இழுத்துக்கொண்டு வந்தார்.

சம்பளம் ஏறிய வேகத்தில் வாடகையும் ஏறியிருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரு வண்டிவீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அதில் இருந்தது ஒரே படுக்கை. ஆர்விட்டுக்குப் பகல் ஷிப்டு, கர்ட்டிஸுக்கு இரவு ஷிப்டு. அண்ணன் எழுந்த சூட்டிலேயே தம்பி படுப்பான். தம்பி எழுந்த சூட்டில் அண்ணன் படுப்பார். அந்த மெத்தை குளிர்ந்ததே கிடையாது. ஒரே கூரையின்கீழ் இருந்தும் இருவரும் வாசலில் எதிரெதிரே கடந்து போகும்போதுதான் முகம் பார்த்துக்கொள்வார்கள்.

பனி உருகும் மாதம் வந்ததும் அந்த ஒழுங்கு கெட்டது. பகலில் மண் பாதைகள் கூழாகிவிடும். கனரக லாரிகள் போகக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். இரவில் மண் உறைந்து இறுகியதும் தடை நீங்கும். அதனால் பகல் ஓட்டுநர்களுக்கு வேலையில்லை, இரவு ஓட்டுநர்களுக்கோ இரட்டை வேலை. வேலையில்லாதவர்கள் ஆர்விட்டின் வண்டிவீட்டில் கூடினார்கள். சீட்டு, காபி, வறுவல் வாசனை, சிரிப்பு. திரைக்குப் பின்னால் கர்ட்டிஸ்.

இப்படி மூன்றாம் நாள். மதியத்துக்குச் சற்று முன்பு திரை விலகியது.

"அண்ணே, கொஞ்சம் வெளிய போய் ஆடுங்களேன். மூணு நாளா கண்ணு மூடல."

"வெளிய முழங்கால் சேறு. பன்னிக்குட்டி மாதிரி அதுல உக்காந்து ஆடச் சொல்றியா?" என்றார் ஆர்விட், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாடா மாப்ள, நீயும் ஒரு கை போடு. தூக்கம் தன்னால வந்துரும்," என்றான் லானி.

"பிக்கப் வண்டியில போய்ப் படுத்துப் பாத்தேன். வெயில் மூஞ்சியில அடிக்குது. முடியலண்ணே."

"நம்ம அப்பா, நாப்பது மாடு கத்துற கொட்டாயில வைக்கோல்மேல தூங்குனாரு. உனக்கு மெத்தை இருக்கு, திரை இருக்கு. இனி தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி."

லானி உடனே கரண்டியைத் தட்டித் தாலாட்டு ஒன்றைப் பாடினான். கர்ட்டிஸும் சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது.

"இன்னைக்கு ஒரு ராத்திரி லீவு சொல்லிரட்டுமாண்ணே?"

ஆர்விட் இப்போதுதான் நிமிர்ந்தார். "நம்ம வீட்டுல எவனும் முடியலன்னு முதலாளி முன்னால போய் நின்னதில்ல. காய்ச்சலோட பால் கறந்திருக்கோம். நீ மொத ஆளா நிக்கப்போறியா? ஹார்லன் ஊர்ல போய் என்ன சொல்லுவான்?"

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேம்ப்பா," என்றார் ஹார்லன். "பையன் கண்ணப் பாரு ஆர்விட். ரத்தமா இருக்கு."

"உன் ஆட்டம். சீட்டப் போடு."

கர்ட்டிஸ் மறுபடி போய்ப் படுத்தான். சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது தொப்பியைக் காணோம் என்று தேடினான். மேசைக்கு அடியில் பார்த்தான், மெத்தையைப் புரட்டினான், அடுப்புக்குப் பின்னால்கூடக் கையை விட்டுத் துழாவினான். தொப்பி அவனுடைய இடது கையிலேயே இருந்தது.

"தலையையும் தேடிப் பாரு மாப்ள, இருக்கான்னு!" என்றான் லானி. எல்லோரும் சிரித்தார்கள். ஆர்விட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார். கர்ட்டிஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.

மறுநாள் காலை ஆர்விட் எழுந்து, வழக்கம்போலத் தம்பிக்குப் படுக்கையை விட்டுக்கொடுத்தார். காபி போட்டார். தம்பி வரவில்லை. காபி ஆறியது. ஏதோ தோன்றி மெத்தையில் கை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. அதற்கு முன் ஒரு நாளும் அது அப்படி இருந்ததில்லை.

மேற்பார்வையாளர் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு வெளிவரும் கழிவு உப்புத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வந்த கர்ட்டிஸின் லாரி, வளைவே இல்லாத பாதையில் நேராகப் போய் ஓடைக்குள் இறங்கிவிட்டது. பிரேக் போட்ட தடமே இல்லை.

"ரோட்டுல ஐஸுன்னு வீட்டுல சொல்லிருங்க ஆர்விட்," என்றார் மேற்பார்வையாளர். "ஐஸுல சறுக்குனா அவன்மேலயும் பழி இல்ல, கம்பெனிமேலயும் பழி இல்ல."

ஐஸ் இல்லையென்றால் யார்மேல் பழி வரும் என்பதை அவர் சொல்லாமல் விட்டார். ஆர்விட்டும் கேட்கவில்லை. ஜெனெல்லுக்குப் போன் போட்டு, "ஐஸும்மா. ரோடெல்லாம் ஐஸு," என்றார்.

சொந்த ஊரில் அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடினார்கள். பன்றி இறைச்சி ரொட்டி, உருளைக்கிழங்குப் பதார்த்தம், பெரிய பாத்திரத்தில் காபி. ஒரு சிறு மேசையில் கர்ட்டிஸின் படமும் அதன் பக்கத்தில் அந்தத் தொப்பியும் இருந்தன.

காபிப் பாத்திரத்தருகே இரண்டு பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாழ்த்திய குரல்தான் எல்லார் காதிலும் விழும்.

"நேரான ரோட்டுல எப்பிடிக் கவுறும்?"

"வண்டிக்குள்ள பியர் கேனாக் கெடந்துச்சாம். அந்த ஊருக்குப் போனா எவனும் நல்லாத் திரும்பறதில்ல."

ஜெனெல் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. அவள் ஆர்விட்டிடம் வந்தாள்.

"அத்தான், நீங்க ஐஸுன்னீங்க. எனக்கு உண்மை வேணும். அவரு குடிச்சிருந்தாரா?"

மூன்று தலைமுறையில் டொலிஃப்சன் வீட்டில் எவனும் சாராயக் கடைப் படி ஏறியதில்லை. ஐஸ் என்று இன்னொரு முறை உரக்கச் சொன்னால் போதும். இந்தச் சபை ஏற்றுக்கொள்ளும். குடும்பப் பெயர் தப்பிக்கும், அவரும் தப்பிக்கலாம். எதிர்மேசையில் ஹார்லன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆர்விட்டின் கண்ணோ தொப்பியில் போய் நின்றது. கையில் வைத்துக்கொண்டே தேடினானே, பார்த்துச் சிரித்தோமே.

அவர் எழுந்து நின்றார்.

"என் தம்பி குடிக்கல. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, ஒரு சொட்டு சாராயம் இல்ல. ரோட்டுல ஐஸும் இல்ல. அது நான் சொன்ன பொய். அவன் தூங்கி மூணு நாளாச்சு. தூங்க விடுங்கண்ணேன்னு என்கிட்ட கேட்டான். நான் அவன் தலைமாட்டுல உக்காந்து சீட்டாடுனேன். லீவு போடட்டுமான்னு கேட்டான். குடும்ப மானம்னு சொல்லி வண்டியேத்தி அனுப்புனேன்."

டகோட்டாவுக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்த இளைஞர்கள் சிலர் சுவரோரம் நின்றிருந்தார்கள். ஆர்விட் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"போறவங்க போங்க, வேலை இருக்கு. ஆனா தூங்காம லாரி ஓட்டுறது குடிச்சிட்டு ஓட்டுறதுக்குச் சமம். தூங்காதவன ஓட்டச் சொல்றது அதைவிடக் கேவலம். முடியலன்னு ஒருத்தன் சொன்னா அவன நம்புங்க. அதச் சொல்ல விடாத மானம் மானமே இல்ல."

அவர் உட்கார்ந்தார். ஜெனெல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சிறு மேசைக்குப் போய்த் தொப்பியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

டொலிஃப்சன் வீட்டு இளையவன் குடித்துவிட்டு லாரியைக் கவிழ்த்தான் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். கர்ட்டிஸ் குடிக்கவில்லை. அவனைத் தூங்க விடவில்லை.