பன்னிரண்டாவது சைட்

டேப்பின் ஒரு முனையைப் பூங்காச் சுவரில் வைத்து உதவியாள் பங்காரு பிடித்துக்கொண்டார். சர்வேயர் சின்னப்பராஜ் மறுமுனையை இழுத்துப் போய் எல்லைக்கல்லின் மேல் வைத்தான். பதினெட்டடி இரண்டு அங்குலம். இருபதடி அகலம் இருக்க வேண்டிய மனை, பன்னிரண்டாவது சைட்.

"இன்னொருக்கா பாருங்க தம்பி," என்றார் சைட்டுக்காரர் முஸ்தபா.

பார்த்தான். அதே அளவுதான்.

"நான் சொன்னேன்ல? கல்லைப் பிடுங்கி நம்ம பக்கம் நட்டுட்டுத்தான் செவுரு வெச்சிருக்காரு." முஸ்தபா குரலைத் தாழ்த்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே சொன்னார்.

கேட்டது. பதினோராவது சைட்டின் கந்தப்பன் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"ஏனுங்க பாய், நாலு மாசமா இதையேதான் சொல்லிட்டிருக்கறீங்க. கல்லைப் புடுங்கி நடறதுக்கு எனக்கு வேற சோலி இல்லையாக்கு? தறி ஓட்டறவனுக்குத் திங்கறதுக்கே நேரமில்லீங்க."

"பின்ன எங்க போச்சு என் எடம்? காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

"அதைச் சொல்லறதுக்குத்தான சர்வேயரைக் கூட்டியாந்திருக்கறீங்க? அவரு சொல்லட்டும். நான் எடுத்திருந்தா நாளைக்கே செவுத்தை இடிச்சுப்போடறேன்."

சொல்லிவிட்டு ரோட்டுக்கு எதிரே இருந்த தன் தறிக்கூடத்துக்குப் போனார். கரண்ட் வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் நான்கு தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின.

காரணம்பேட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தது அந்த லேஅவுட். ஒரே வரிசையில் பன்னிரண்டு சைட், முன்னால் நீளவாக்கில் ஒரு ரோடு. மேற்கு முனையில் தார்ச்சாலை. கிழக்கு முனையில் பூங்காவுக்கென்று பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்த இடம், அதைச் சுற்றிச் சுவர். பதினோரு சைட்டில் வீடு ஏறிவிட்டது. மிச்சம் இருந்தது முஸ்தபாவின் சைட் ஒன்றுதான்.

முஸ்தபா உக்கடத்தில் பாத்திரக்கடை வைத்திருந்து மூடிவிட்டவர். சர்க்கரையால் அவர் மனைவிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இப்போது குடியிருப்பது மாடி வீடு. அந்தம்மா தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வீடு. மழைத்தண்ணீர் வந்து நிற்கிற இடம் என்பதால் ரோட்டைவிட இரண்டடி உயர்த்தித்தான் கட்ட முடியும். ஏறி இறங்கப் பக்கவாட்டில் வீல்சேருக்கு மூன்றடி அகலத்தில் ஒரு ரேம்ப், அதாவது சாய்தளம். பிளானே அதை வைத்துத்தான் போட்டிருந்தது. அஸ்திவாரத்துக்குக் கோடு போட வந்த மேஸ்திரிதான் இடம் குறைகிறது என்று முதலில் சொன்னார். இருபத்திரண்டு அங்குலம் போனால் சாய்தளத்துக்கு மிச்சம் பதினான்கு அங்குலம்.

"ரூமைச் சுருக்கிப் பாத்தோம் சார்," என்றாள் இஃப்ரா. முஸ்தபாவின் மகள். சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "சுருக்கினா பாத்ரூம்ல வீல்சேர் திரும்ப மாட்டேங்குது. அந்த எடம் எங்களுக்கு வேணும்."

சின்னப்பராஜை அழைத்தது அவள்தான். லேஅவுட் வரைபடத்தின் கீழே அவன் சீலும் போன் நம்பரும் இருந்தன. நான்கு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கற்களை நட்டவன் அவன். நட்டவரே வந்து சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது என்று போனில் சொல்லியிருந்தாள்.

அவன் கந்தப்பனின் சைட்டை அளந்தான். கல்லை அவர் நகர்த்தியிருந்தால் அங்கே இருபத்தொன்றடி பத்து அங்குலம் வர வேண்டும். இருபதடி இரண்டு அங்குலம் வந்தது.

"சேத்தி இருக்குதுல்ல!" என்றார் முஸ்தபா.

"ரெண்டு இஞ்ச்தான் அத்தா," என்றாள் இஃப்ரா. "இன்னும் இருபது எங்க?"

சின்னப்பராஜ் பத்தாவது சைட்டுக்குப் போனான். இருபதடி இரண்டு அங்குலம். ஒன்பது, எட்டு. அதே அளவு. ஏழாவதில் பங்காரு எண்ணைச் சொல்வதை நிறுத்திவிட்டு "அதேதாங்க" என்று மட்டும் சொன்னார். நாலாவதில் அதையும் சொல்லவில்லை. இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். தார்ச்சாலை வரை அப்படியே போயிற்று.

முதல் சைட்டின் கல்லருகே சின்னப்பராஜ் குத்தவைத்து உட்கார்ந்தான். கல் நான்கு அங்குலத் தடிமன். அதன் தலையில் நட்டநடுவே உளியால் கொத்திய புள்ளி. அந்தப் புள்ளிதான் எல்லை. டேப்பில் இருபதடி முடிகிற இடத்தில் புள்ளி வர வேண்டும். அன்றைக்குக் கல்லின் விளிம்பை அங்கே வைத்து நட்டிருக்கிறார்கள். புள்ளி இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருக்கிறது. அடுத்த இருபதடியை அந்தப் புள்ளியிலிருந்து இழுத்திருக்கிறார்கள். பதினோரு கல். இருபத்திரண்டு அங்குலம்.

யாரும் எடுக்கவில்லை. எல்லாரிடமும் கொஞ்சம் போயிருந்தது.

பையிலிருந்து பழைய அளவு நோட்டை எடுத்தான். அந்தத் தேதியில் பன்னிரண்டு வரி. பன்னிரண்டிலும் 20-0. கடைசி சைட்டை அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அளக்காமல் எழுதியிருக்கிறான். ஏன் என்று யோசித்துப் பார்த்தான். மழை பெய்ததா, யாருக்காவது உடம்பு சரியில்லையா, லேஅவுட் போட்ட புரோமோட்டர் அவசரப்படுத்தினாரா. எதுவும் நினைவில் இல்லை. அன்றைக்கு அளக்க மூன்று இடம் இருந்தது. இது இரண்டாவது.

பயமோ வெட்கமோ வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. இப்படி ஆகிக் கொஞ்ச காலம் ஆயிற்று. எப்போதிலிருந்து என்று தெரியாது. போன வருஷம் அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் குழியருகே நின்றபோது அதன் நீளத்தைக் கண்ணால் அளந்தான். ஆறரையடி. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சுவரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று அவன் மனைவி டெய்சி சர்ச்சில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறான். அதுவும் சரிதான் என்றே பட்டது.

பாலிடெக்னிக் முடித்து இரண்டு வருஷம் தோஹாவில் ரோடு வேலை. அங்கே ஒரு கோடு போட்டால் மூன்று பேர் சரிபார்ப்பார்கள். திரும்பி வந்து அரசு நில அளவையர் பரீட்சை எழுதினான். இரண்டு முறை. இரண்டாவது முறை ஒன்றரை மதிப்பெண்ணில் போயிற்று. பிறகு லைசென்ஸ் எடுத்தான். பதினோரு வருஷம். பல்லடம், அன்னூர், அவினாசி என்று அவன் நட்ட கற்கள் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று தெரியாது. இங்கே யாரும் சரிபார்ப்பதில்லை.

பங்காரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குக் கல்லைக் குழியில் இறக்கியவர் அவர். டேப்பைப் பார்த்து "வை" என்று சொன்னவன் சின்னப்பராஜ்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க," என்றார் பங்காரு மெதுவாக. "தறிக்காரரு கல்லை நகத்திட்டாருன்னு எழுதிப்போடுங்க. பாய் கேக்கறதும் அதுதானுங்க. லைசென்ஸ் போச்சுன்னா எனக்கும் சோறு போச்சு. அறுபது வயசுல நான் போயி யாரு டேப்பைப் புடிக்கறது?"

சின்னப்பராஜ் எழுந்து பன்னிரண்டாவது சைட்டுக்கு நடந்தான். முஸ்தபாவும் இஃப்ராவும் செங்கல் அடுக்கின் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அவர் எடுக்கலீங்க. தப்பு என்னுது," என்றான். கல்லையும் புள்ளியையும் சொன்னான். இஃப்ரா பாதியிலேயே கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். அவள் உதடு அசைந்து நின்றதில் தெரிந்தது.

"அப்ப யாரு திருப்பிக் குடுப்பாங்க?"

"யாரும் குடுக்க முடியாதுங்க. ஒவ்வொருத்தர் கிட்டயும் ரெண்டு இஞ்ச். எல்லாம் செவுராயிருச்சு."

"பூங்கா?"

"அது பஞ்சாயத்துதுங்க. ஒரு இஞ்ச் தொட முடியாது."

"லேஅவுட் போட்டவரு?"

"ஆபீஸை மூடி ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

முஸ்தபா அவன் முழங்கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"தம்பி. இப்ப சொன்னதை வேற யார்கிட்டயும் சொல்லலையே?"

"இல்லீங்க."

"அப்ப சொல்ல வேணாம். அவர் கல்லை நகத்திட்டாருன்னு எழுதுங்க. உங்க பேப்பர் இருந்தா கோர்ட்டுல நிக்கும். செவுரு எறங்கும், எனக்கு எடம் கெடைக்கும். உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. நீங்க உண்மையைச் சொன்னா உங்க பொழப்பும் போகும், என் எடமும் போகும். யாருக்கு என்ன லாபம்? நீங்களே சொல்லுங்க."

"அவருக்கு அது சமையக்கட்டுச் செவுருங்க."

"அவரு சமையக்கட்டை வேற எடத்துல வெச்சுக்குவாரு. என் வீட்டுக்காரியை நான் எங்க வெக்கறது?"

அவர் சொன்னதில் பிழை இல்லை என்று சின்னப்பராஜுக்குத் தோன்றியது. பொய்யில் இரண்டு பேருக்கு நல்லது, ஒருவருக்குக் கெட்டது. உண்மையில் ஒருவருக்கு நல்லது, இரண்டு பேருக்குக் கெட்டது. எத்தனை முறை கூட்டினாலும் அப்படித்தான் வந்தது. மனசு எந்தப் பக்கமும் சாயவில்லை.

செங்கல் மேல் உட்கார்ந்து அறிக்கைத் தாளை எடுத்தான். சைட் எண் பதினொன்று. அளவு என்று ஒரு கட்டம். முஸ்தபா தலைக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்றடி பத்து அங்குலம் என்று எழுத இரண்டு நொடி ஆகும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அளக்காத ஒன்றை அவ்வளவு நேரத்தில்தான் எழுதியிருப்பான்.

20-2 என்று எழுதினான். அளந்தது அதுதான். பிறகு மற்ற பத்தையும் எழுதினான். கடைசி சைட், 18-2. காரணம் என்ற கட்டத்தில், கல் நடும்போது அளவையாளர் செய்த தவறு என்று எழுதித் தன் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் போட்டுச் சீல் வைத்தான். பங்காரு டேப்பைச் சுருட்டிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார்.

இஃப்ரா தாளை வாங்கிப் படித்தாள். "இதை வெச்சுட்டு நாங்க என்ன சார் பண்றது?"

"என் மேல கேஸ் போடலாம்ங்க."

"போட்டா எடம் வருமா?"

"வராதுங்க."

அவள் தாளை நாலாக மடித்தாள். பிறகு ஆறாவது வகுப்புப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டாள். "கடைசியா ஒரு தடவை அளந்து பாக்க எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"அஞ்சு நிமிஷம்ங்க."

"அஞ்சு நிமிஷம்," என்றாள்.

தறிச் சத்தம் நின்றது. கந்தப்பன் பஞ்சுத் தூசியோடு ரோட்டைத் தாண்டி வந்தார். சின்னப்பராஜ் அவரிடமும் ஒரு கார்பன் பிரதியைக் கொடுத்தான். அவர் கையை நீட்டித் தூரமாக வைத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"ஒரு கல்லை நடுவுல வெக்கத் தெரியலையாக்கு, இத்தனை மிஷினை வெச்சுக்கிட்டு?" என்றார். "நாலு மாசம்ங்க. எங்கூட்டுக்காரி ராசாத்தாளு தண்ணி புடிக்கப் போனா அவ காதுபடவே கல்லுத் திருடன் ஊடுன்னு பேசறாங்க. யாரு பேசறா, யாரு சொல்லிக் குடுத்ததுன்னு எனக்குத் தெரியாமயா இருக்குது?"

முஸ்தபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், எம்பட பங்குல ரெண்டு இஞ்ச் இருக்குது. செவுத்தைச் செதுக்கி எடுத்துக்கறீங்களா?"

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்ட பிறகு அவருக்கே தெரியவில்லை போல நின்றார். தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பூங்கா முனையில் ஒரு பழைய மாருதி கார் நின்றிருந்தது. அதன் பின்சீட்டில் முஸ்தபாவின் மனைவி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுக்கு அளவு எடுப்பதைத் தானும் பார்க்க வேண்டும் என்று சொல்லி வந்தவர். அங்கிருந்து செங்கல் அடுக்கைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. முஸ்தபா காரைப் பார்த்தார். இஃப்ராவும் பார்த்தாள். இரண்டு பேரும் நகரவில்லை.

பல்லடத்தில் அடுத்த இடத்துக்காரர் மூன்று முறை போன் அடித்திருந்தார். சின்னப்பராஜ் போனை அணைத்துவிட்டுக் காரிடம் போனான்.

"என்ன தம்பி, கெடைச்சுதா?" என்றார் அந்தம்மா. ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது.

"கெடைக்கலீங்கம்மா. ரேம்ப் வராதுங்க."

அவர் செங்கல் அடுக்கைப் பார்த்தார். "அந்தத் தறிக்காரரா எடுத்தது?"

"இல்லீங்கம்மா. நான் கல்லைத் தப்பா நட்டுட்டேன்."

"நீங்களா?"

"நான்தானுங்க."

"முன்னாடி வெக்க முடியாதா? ரோட்டைப் பாத்து?"

"அஞ்சடிதான் இருக்குதுங்க. செங்குத்தா வரும். தள்ளி ஏத்த முடியாது. எறக்கறப்ப புடிக்கவும் முடியாது."

அவர் தலையை ஆட்டினார். புரிந்தது என்பதற்கா, வேறு எதற்கா தெரியவில்லை. திட்டுவார் என்று நினைத்து நின்றான். பக்கத்துச் சீட்டில் மடக்கி வைத்திருந்த சக்கர நாற்காலியின் மேல் அவர் கை இருந்தது.

"எவ்வளவுதான் கொறையுது? எனக்குக் காட்டுங்க," என்றார்.

சின்னப்பராஜ் இடுப்பிலிருந்த சின்ன டேப்பை எடுத்தான். இருபத்திரண்டு அங்குலத்துக்கு இழுத்து இரண்டு கையாலும் ஜன்னலுக்கு நேரே பிடித்தான். அந்தம்மா வெளியே கையை நீட்டித் தகட்டின் மேல் சாண் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவது பாதியில் நின்றது.

"இவ்வளவா," என்றார்.

கையை எடுத்துக்கொள்ளவில்லை. டேப்பின் ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அவர் போதும் என்று சொல்லட்டும் என்று அதைப் பிடித்தபடி நின்றான்.