வெள்ளைச்சாமியின் உலோகக் கண்

தொண்ணூற்றுச் சொச்சம் தனிமங்களையும் இறைவன் படைத்ததே வெள்ளைச்சாமி அவற்றை ஒரு பார்வை பார்ப்பதற்காகத்தான். இதை வெள்ளைச்சாமியே சொன்னான், சிரிக்காமல் சொன்னான். ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் அவன் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. குடத்தை விரலால் சுண்டிப் பார்க்கிற கிராக்கியிடம், "நம்பிக்கை இல்லேன்னா வேற கடை பாருங்க" என்று குடத்தைத் திரும்ப வாங்கி வைத்துவிடுகிற கடை. அந்தப் பரம்பரையில் வந்தவன் திருச்சிக் கல்லூரி ரசாயனக் கூடத்துச் சுத்தியலைத் தொடுவானா?

அவனோடு ஒரே மேஜையில் நிறுத்தப்பட்டிருந்த பிச்சமுத்து தொடுவான். உலோகமா அலோகமா என்று கண்டுபிடிக்கச் சொல்லி எந்தத் துண்டைக் கொடுத்தாலும் முதலில் தட்டுவான், தகடாகிறதா நொறுங்குகிறதா என்று. பிறகு பேட்டரிக் கம்பிகளை வைத்து பல்பு எரிகிறதா என்று பார்ப்பான். கடைசியில் அமிலத்தில் போட்டுவிட்டு, குமிழி வருகிற வரைக்கும் கொக்கு மாதிரி குனிந்து நிற்பான்.

"பொன்மலை ரயில்வே பட்டறையில ஆள் எடுக்கிறாங்களாம்டா. சுத்தியலோட போனா இன்னைக்கே சேத்துக்குவாங்க," என்றான் வெள்ளைச்சாமி.

"உன் கண்ணைக் கழட்டிக் கடை வாசல்ல தொங்க விடு. உங்கப்பாவுக்கு வியாபாரமாச்சும் ஆகும்."

அன்றோடு பேச்சு நின்றது. மேஜையின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு விழுந்தது.

மாதிரித் தேர்வில் லெக்சரர் அருளப்பன், வெள்ளி போல மின்னும் ஒரு துண்டைக் கொடுத்தார். வெள்ளைச்சாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தான்.

"வெள்ளீயம் சார். உலோகம்."

"தட்டிப் பார்த்தியா?"

"தட்டுறது அதுக்கு அவமரியாதை சார்."

அருளப்பன் சுத்தியலை எடுத்து ஒரே போடு போட்டார். துண்டு பொடியாகச் சிதறியது.

"ஆன்டிமனி. பளபளப்பு உலோகத்துது, நொறுங்குற புத்தி அலோகத்துது. ரெண்டுக்கும் நடுவுல வைக்கணும். நாளைக்கு இன்னொண்ணு தரேன். அதையும் கண்ணாலயே முழுங்கினா, யூனிவர்சிட்டி பரீட்சைக்கு உன் பேரை அனுப்ப மாட்டேன். ஒரு வருஷம் கடையில உக்காந்து குடத்துக்கு மரியாதை பண்ணு."

வகுப்பு சிரித்தது. பிச்சமுத்து சிரிக்கவில்லை. கோட்டைத் தாண்டித் தன் பக்கம் வந்திருந்த பொடியை ஓர் அட்டையால் வெள்ளைச்சாமி பக்கம் தள்ளிவிட்டான், அவ்வளவுதான். சிரித்திருந்தால் தேவலை.

மறுநாள் வந்தது கருஞ்சாம்பல் நிறத்தில் மினுக்கிய ஒரு கட்டி. வெள்ளைச்சாமி நேராகப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். கட்டி வாயைத் திறக்கவில்லை. அருளப்பன் மறுகோடிக்கு நகர்ந்ததும் சுத்தியலை எடுத்து, அதன் தலையில் கைக்குட்டையைச் சுற்றினான். ஓர் இருமல், ஒரு தட்டு. கட்டி நொறுங்கியது, அப்படியானால் அலோகம். கம்பிகளை வைத்தான், பல்பு ஜம்மென்று எரிந்தது. அப்படியானால் உலோகம். இன்னொரு தடவை இருமினான்.

"சளியா?" என்றான் பிச்சமுத்து, தலை நிமிராமல்.

"ஆமாடா."

விரலெல்லாம் கறுப்பாகியிருந்தது. ஒரு சிட்டிகையை அமிலத்தில் போட்டான். குமிழி வரவில்லை. 'கிராஃபைட், அலோகம்' என்று எழுதினான். எழுதிய பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று, அமிலக் குழாய்மேல் குனிந்தபடியே நின்றான்.