இடப்பக்கம் போகிற அம்பு

முதல் அம்பு, பழகிப் பார்க்கக் கொல்லையில் நட்ட வாழைக்கு ஒரு முழம் இடப்பக்கமாகப் போய் விழுந்தது. இரண்டாவது அரை முழம் இடப்பக்கம். மூன்றாவது வேலிக்கே போய்விட்டது. வில் அதேதான், கை அதேதான், குறியும் அதேதான். சுடலையாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, தென்காசிக்குப் பக்கத்திலுள்ள சொந்த ஊருக்கு அவர் திரும்பிய வருடம் அது. அண்ணன் காலமானதால் விஜயதசமியன்று அம்பு போடும் முறை அவருக்கு வந்திருந்தது. அம்மன் கோயில் முன்னால் நட்ட வாழையில் மூன்று அம்பும் தைக்க வேண்டும். தைக்காவிட்டால் முறை பங்காளி செல்லச்சாமி வீட்டுக்குப் போய்விடும். வில் பத்திரமாக இருந்தது. அண்ணன் எய்த அம்புகளைத்தான் கரையான் தின்றுவிட்டது. குற்றாலத்து மலையடியில் மூங்கில் வெட்டிவந்து, லத்திக்குக் கம்பு பார்ப்பதைப் போலவே பார்த்தார். முழங்காலில் வைத்து அழுத்தினால் வளையக் கூடாது. வளைந்ததையெல்லாம் கழித்துப் போட்டார்.

“காத்துதான் தள்ளுது” என்றார் இப்போது.

மனைவி வடிவம்மாள் வாழையை அண்ணாந்து பார்த்தாள். “இலை ஆடவே இல்லையே. அம்புக்கு மட்டும் தனியா அடிக்குதோ?”

“அப்போ கண்ணுதான் கோளாறு.”

“செல்லச்சாமி கோயில் வாசல்ல நின்னு சிரிச்சத இங்கன இருந்தே பாத்தீங்க. கண்ணுக்கு ஒரு கேடுமில்ல. கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக் குறி வையுங்க.”

தள்ளி வைத்தார். ஒன்று தைத்தது. அடுத்தது வலப்பக்கம் தாண்டிப் போனது. மூன்றாவது அப்போதும் இடப்பக்கந்தான்.

“ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி போவுது. எதுக்கு எவ்வளவு தள்ளுததுன்னு எப்படிட்டி தெரியும்?”

அம்பை நாணில் பூட்டி, இழுக்காமல் பின்னாலிருந்து பார்த்தார். அம்பு வில்லின் இடப்புறத்தை ஒட்டிக் கிடந்தது. நாணோ வில்லின் நடுவுக்கு நேராக நின்றது. வால் நடுவில், தலை இடப்பக்கம். விட்டால் இடப்பக்கம் போவதுதானே முறை? அப்படியானால் அண்ணனுடைய அம்பு எப்படி நேரே போனது? முன்பைவிடக் குழப்பம் கூடிவிட்டது.

எரிச்சலில், கழித்துப் போட்ட மெல்லிய கழி ஒன்றை எடுத்து முனையைச் செருகி எய்தார். அது வலப்பக்கம் போனது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வடிவம்மாள் அந்தக் கழியைப் பொறுக்கி வந்து, தலையைச் சுவரில் முட்டக் கொடுத்து வாலை உள்ளங்கையால் தள்ளினாள். கழி வளைந்தது. தடித்த அம்பை அதே போலத் தள்ளினாள். அது அசையவில்லை.

“ஏங்க, நாணும் இப்படித்தான தள்ளுது? இது நெளிஞ்சுல்லா போவுது.”

சுடலையாண்டி நிமிர்ந்து பார்த்தார். நாண் பின்னாலிருந்து தள்ளும்போது அம்பு ஒரு கணம் வளைகிறது. வளைவதால்தான் வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு, பிறகு நிமிர்ந்து நேரே போகிறது. வளையாத அம்பை வில் இடப்பக்கம் தள்ளிவிடுகிறது. அளவுக்கு மேல் வளைவது வலப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. அவர் ஆசையாகத் தேர்ந்தெடுத்தது அத்தனையும் வளையாத கழி.

கண்ணாடிச் சில்லை எடுத்துத் தடித்த அம்பு ஒன்றைச் சுற்றிலும் சீராகச் சுரண்டினார். எய்தார், மறுபடி சுரண்டினார். ஒவ்வொரு தடவையும் அது வாழையை நெருங்கி வந்து, கடைசியில் நட்டநடுவில் தைத்தது. மற்ற இரண்டையும் அதற்கு ஒத்ததாக ஆக்க வேண்டியதுதான் பாக்கி. எது எவ்வளவு வளையும் என்பது கண்ணால் பார்த்தால் தெரியாது.

சுவரில் ஒன்றரை முழ இடைவெளியில் இரண்டு ஆணி அடித்தார். தைத்த அம்பை அவற்றின்மேல் கிடத்தி, நடுவில் எடைபோடும் இரண்டு ராத்தல் படிக்கல்லைத் தொங்கவிட்டார். அம்பு ஒரு விரலகலம் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கரிக்கோடு போட்டார். மற்ற இரண்டையும் அதே நீளத்துக்கு நறுக்கி, அதே எடையுள்ள முனை செருகி, கல் தொங்கும்போது கரிக்கோட்டைத் தொடும்வரை சுரண்டினார். மூன்றும் வாழையில் தைத்தன. வில்லுக்கேற்ற அளவு வளைய வேண்டும், மூன்றும் ஒரே அளவு வளைய வேண்டும். அம்புக்குக் கழி பார்ப்பது அப்படித்தான்.