ஒக்தாவின் கேம்ப்

நோயெலி போட்ட திட்டத்தில் குறை சொல்ல ஆளில்லை. போன ஆகஸ்ட்டில் அடித்த புயல், பாயூ தெவ்ரோ என்ற சதுப்பு ஓடையின் கரையில் இருந்த எல்லார் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீரை விட்டுப் போனது. அடுத்த புயல் வருமுன் அந்த வீடுகளை அப்படியே தூக்கி, ஆள் உயரத்துக்கு மேல் தூண்களில் நிறுத்த வேண்டும், செலவு அரசாங்கத்துடையது. எந்த மண் எவ்வளவு தாங்கும், யாருக்கு முட்டிவலி, யார் வீட்டுப் படி எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று வட்டார அலுவலகத்தில் உட்கார்ந்து அத்தனையும் அவளே வரைந்தாள். அந்தக் கரையில் பிறந்தவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்தவள்தானே.

சரிபார்க்கத் தலைநகரிலிருந்து வந்த அதிகாரி விட்கம் நல்ல மனிதர். கொசு அடித்துக்கொண்டே வீடு வீடாக ஏறி இறங்கினார். கரையின் கோடியில் ஒக்தாவ் தார்தாரின் இடம். இறால் வலை இழுத்தே கை காய்த்துப்போனவர். அவர் மனைவி எர்லின் காப்பியோடு வாசலிலேயே காத்திருந்தாள்.

"இது உங்க வீடுதானே?" என்று விட்கம் பேச்சுக்குக் கேட்டுவைத்தார்.

"வீடா? இல்லையே. இது என் கேம்ப்" என்றார் ஒக்தாவ்.

கூடவே வந்திருந்த நோயெலி சட்டென்று நிமிர்ந்தாள். அந்தப் பக்கத்தில் கேம்ப் என்றால், மீன் பிடிக்கவும் வாத்து சுடவும் போய் நாலு நாள் தங்கும் குடில். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் அரசாங்கம் செலவழிக்கும். விடுமுறைக் குடிலுக்குச் சல்லிக்காசு தராது. விட்கம் பேனாவை மூடினார்.

"அப்போ இதைச் சேர்க்க முடியாதுங்க. மன்னிச்சுக்கணும்."

நோயெலி ஒக்தாவின் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"என்ன மாமா இது? உங்க பிள்ளைங்க பிறந்து வளர்ந்ததே இங்கதானே? வீடுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"வீடு அங்க இருந்துச்சு." நாணல் மண்டிக் கிடந்த தண்ணீரைக் காட்டினார். "எங்கப்பா கட்டினது. அந்தக் காலத்துப் புயல் ஒண்ணு கொண்டுபோயிடுச்சு. இது வாத்து சுட வந்தா படுக்க நானும் தம்பியும் அடிச்ச கேம்ப். வேற போக்கிடம் இல்லாம வந்து தங்கினோம். அப்படியே தங்கிட்டோம். இதைப் போய் வீடுன்னு சொன்னா, எங்கப்பா மேலேர்ந்து காறித் துப்புவாரு."

"அடுத்த புயல்ல இதுவும் போகுமே?"

"போகட்டும். பொய் சொல்லி வாங்கின கால் எனக்கு வேணாம்."

"கேட்டியா இந்த வீராப்பை!" என்று வாசலிலிருந்தே கத்தினாள் எர்லின். "தண்ணி வந்தா நான் இவரு வீராப்பு மேலயா ஏறி உக்காருவேன்? நோயெலி, இது போச்சுன்னா நான் ஹூஸ்டனுக்கு மக வீட்டுக்குப் போறேன். இவரு இங்க வாத்துகூடக் குடும்பம் நடத்தட்டும்."

வீட்டுக்குக் கால் கொடுக்க அரசாங்கம் வந்து நிற்கிறது. மனிதர் ஒற்றைக் காலில் நிற்கிறார். நோயெலிக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் தண்ணீரில் பிடித்துத் தள்ளியிருப்பாள். ஆனாலும் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இருக்கும் கூரையே போனாலும் வாய் கூசாமல் பொய் சொல்ல வராது என்கிற ஆள் எங்கள் கரையில்தான் இருப்பான் என்று நினைத்தாள். இவரை மிரட்டிப் பொய் சொல்லவைத்து ஒப்பேற்றவும் அவளுக்கு மனம் வரவில்லை. தப்பு பதிலில் இல்லை, கேள்வியில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

நேரே விட்கமிடம் போனாள். "சார், பேரைக் கேக்காதீங்க. எங்க குடியிருக்காங்கன்னுதானே விதி கேக்குது? நீங்களும் அதையே கேளுங்க."

விட்கம் யோசித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"ஐயா, ராத்திரி எங்க தூங்குவீங்க?"

"கேம்ப்ல."

"கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைங்க எங்க வருவாங்க?"

"கேம்புக்குத்தான். வேற எங்க வருவாங்க?"

"உடம்பு முடியலைன்னா எங்க படுப்பீங்க?"

"என்னய்யா இது! கேம்ப்லதான்."

"வேற வீடு ஏதாவது இருக்குங்களா?"

ஒக்தாவ் மறுபடி தண்ணீரைக் காட்டினார். "இருந்துச்சு."

விட்கம் நாணல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எங்க ஊர்ல இதுக்குப் பேருதாங்க வீடு" என்று சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு நோயெலியிடம் தாழ்ந்த குரலில், "பக்கத்துப் பாயூவுல இப்படிக் கேம்ப்னு சொன்னவங்களையும் தள்ளிட்டு வந்துட்டேம்மா. நாளைக்குத் திரும்பப் போகணும். நீயும் கூட வா" என்றார்.

எர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினாள்.

"எழுதினது அவரு. நான் சொல்லலை, ஆமா" என்றார் ஒக்தாவ்.

வசந்தத்தில் வீட்டைத் தூக்கினார்கள். நாலு பக்கமும் ஜாக்கி வைத்து, அங்குலம் அங்குலமாக ஏற்றினார்கள். கரையே திரண்டு வந்து கம்போ என்கிற இறால் குழம்புப் பானையைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. சாமானை எடுத்துவைக்கச் சொன்னதற்கு, எர்லின் வேண்டுமென்றே மேசைமேல் ஒரு கோப்பையில் விளிம்புவரை காப்பி ஊற்றிவைத்துவிட்டு வந்திருந்தாள். தூண்கள் எல்லாம் நின்று, படியும் போட்டதும் அவள்தான் முதலில் ஓடி ஏறினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஜன்னலில் கோப்பையைத் தூக்கிக் காட்டியபோது எழுந்த கூச்சலில் நோயெலிக்கு நெஞ்சு விம்மியது. இது நான் வரைந்தது, நான் வரைந்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஒக்தாவ் மெதுவாக ஏறி முகப்பில் நின்றார். இத்தனை வருஷம் நாணல் மறைத்திருந்தது அந்த உயரத்திலிருந்து தெரிந்தது. தண்ணீருக்கு நடுவே அப்பா தன் வீட்டுக்குக் காலாக நட்ட சைப்ரஸ் மரக் கட்டைகள், வரிசை குலையாமல். தொப்பியைக் கழற்றினார்.

அந்நேரம் இறால் படகில் போன ஒருவன் கத்தினான்: "ஒக்தாவ் மாமா! கேம்ப் வானத்துல பறக்குதே!"

"எவன்டா அவன், கேம்ப்னு சொன்னது?" ஒக்தாவின் குரல் அக்கரைவரை போனது. "கண்ணு தெரியலையா? இது என் வீடுடா!"

படியடியில் நின்ற நோயெலி அண்ணாந்து பார்த்தாள். "இப்போ நீங்களே சொல்லிட்டீங்கன்னு எழுதிக்கட்டுமா மாமா?"

அவர் கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுதிக்கோ" என்றார்.