ஹிஜாஸில் ஒரு பெயர்

1

இந்தக் கதை ஒரு தப்பான ராகத்திலிருந்து வந்தது. ஜெருசலேமில், அலெப்போ என்ற அரபு நகரத்திலிருந்து வந்த யூதர்களான எங்கள் ஜெப ஆலயத்தில், ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் அன்றைய வேதப் பகுதிக்கேற்ற அரபு ராகம் உண்டு. கடல் பிளந்து வழிவிட்ட பகுதியைப் படிக்கும் வாரத்துக்கு அஜம், சந்தோஷ ராகம். அன்று ஒருவன் ஹிஜாஸ் பாடினால்? ஹிஜாஸ் துக்கத்துக்கு உரியது. இவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

ஜெபத்தை முன்னின்று பாடுகிறவன் ஷாவுல். [அவன் குரலைப் பற்றி நான்கு வரிகள். அடித்துவிட்டேன்.]

2

துக்கம் யாருக்காக? ரீமாவுக்காக. ஷாவுலோடு கல்யாணங்களில் ஊத் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் அரபுக்காரர் நபீலின் மகள். சோதனைச் சாவடியில் எங்கள் சிப்பாய்கள் அவளைச் சுட்டுவிட்டார்கள். அவள் அப்போது

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

நபீல் கேட்டது ஒன்றுதான். ஜெபத்தின் நடுவே இறந்தவர்களைத் தாயின் பெயரோடு சொல்லும் இடம் வரும். அங்கே அவளைச் சொல்ல வேண்டும்.

“உங்காளுங்க காதுல விழற மாதிரி சொல்லு தம்பி. ரீமா, ஹனானோட பொண்ணு. அது போதும்.”

“சொல்றேண்ணே.”

“சொன்னியான்னு கேக்க மாட்டேன்.”

3

முதல் வரைவில் ஷாவுல் இரண்டு அடி பாடுவதற்குள் பொறுப்பாளர் ஸக்கி மேசையைத் தட்டிவிட்டார். “ஏம்பா, அங்க கடலே பொளக்குது. நீ எழவு வீட்டுக்கு வந்தவனாட்டம் இழுக்கிற?” எல்லோரும் சிரித்தார்கள். ஷாவுல் அஜமுக்குத் திரும்பினான். கதை அங்கேயே செத்தது.

அவனைப் பாட விட ஒரு காரணம் தேவைப்பட்டது. என் வீட்டில் இருந்த துக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் வரைவில் அவன் மனைவி இறந்துபோயிருந்தாள். பெயர் ஓர்னா. (வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். வரி நிற்கவில்லை.)

4

இப்போது ஸக்கி எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “விடுங்க. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன்.”

ஸக்கி உட்கார்ந்தார். மெல்ல அவரும் சேர்ந்து பாடினார். பிறகு கூடமே பாடியது. தெருவில் யாராவது அரபு பேசினால் நடையைக் கூட்டுகிறவர்கள், உள்ளே அந்த அரபு ராகத்தில் அழுதார்கள். ஓர்னாவுக்காக. ரீமாவுக்காக என்று ஷாவுலுக்கு மட்டும் தெரியும்.

பெயர் சொல்லும் இடம் வந்தது. அவன் மூச்சை இழுத்தான். அதற்குள் ஸக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு உதவுகிறவர் போல மெதுவாக எடுத்துக் கொடுத்தார்: “ஓர்னா, மத்தில்தாவின் மகள்.”

அவன் திருப்பிச் சொன்னால் போதும்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ரீமா என்கிறான். யாரது என்று ஒருவர் கேட்கிறார். இன்னொருவர் சொல்கிறார். அடுத்த வாரம் வேறொருவன் பாடுகிறான்.

ஓர்னா என்கிறான். அடுத்த கல்யாணத்தில் நபீல் ஊத்தின் தந்தியை முறுக்கிக்கொண்டே அவனைப் பார்க்கிறார். கேட்கவில்லை.

இரண்டு பெயரையும் சொல்கிறான். ரீமாவை உள்ளே கொண்டுபோக ஓர்னாவை முன்னால் நிறுத்துகிறான். அந்த வேலையை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்துவிட்டேன். மறுபடி முடியாது.

6

ஷாவுல் வாயைத் திறந்தபடி நிற்கிறான். எல்லோரும் ஆமென் சொல்லக் காத்திருக்கிறார்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆமென் ஒரு பெயருக்குத்தான் வரும். எதற்கு என்று உங்களுக்கும் தெரியும்.

……………, ……………இன் மகள்.