யாரும் தூக்காத கல்

1

இந்தக் கதையைப் பல் மருத்துவரின் வரவேற்பறையில் திருடினேன். பக்கத்து நாற்காலிப் பெண் கைபேசியில் சொன்னாள்: "கல்லு உடைஞ்சா அவரும் உடைஞ்சிடுவாருடி. உடையலைன்னா வீட்டோடயே இருந்துடுவார்." அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் வாய் மரத்துப்போயிருந்த நேரத்தில் நான் கற்பனை செய்தது.

2

முதல் தொடக்கம்: "பாலைவனத்தில் சூரியன் மறையும் வேளையில், பிரமிடின்..."

(அடித்துவிட்டேன். நான் குடும்பக் கதை எழுதுகிறவள்.)

இரண்டாவது: அவர் கிரேன் ஓட்டுநர். மனைவிக்குக் கான்கிரீட் சோதனைக் கூடத்தில் வேலை. கட்டடங்களிலிருந்து வரும் கான்கிரீட் கியூபுகளை இயந்திரத்தில் நசுக்கி, எத்தனை டன்னில் உடைந்தது என்று எழுதுவாள்.

நான்கு மாதம் முன்பு அவர் தூக்கிய கம்பிக் கட்டு நழுவி விழுந்தது. யார் மேலும் படவில்லை. அதன்பின் அவர் கிரேனில் ஏறவில்லை. வீட்டில் உட்கார்ந்து பிரமிடுகளைப் பற்றிப் படித்தார். வேற்றுக்கிரகவாசிகள், ஒலியில் மிதந்த பாறைகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒன்றில் நின்றார்: அவை மேலே ஏற்றிய கற்களே அல்ல, அந்தந்த இடத்தில் அச்சில் வார்த்தவை.

(நிரூபிக்கப்படாத கருத்து. அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அவரிடம் சொல்லிப் பாருங்கள்.)

3

சுண்ணாம்புக்கல் தூள், களிமண், சோடா உப்பு கலந்து, அவள் கொண்டுவந்த அச்சில் பால்கனியிலேயே ஒரு கியூப் வார்த்தார்.

"இருபத்தெட்டு நாள் ஆச்சு, நல்லா இறுகியிருக்கும். இன்னிக்குப் போட்டுப் பாரு. நாப்பது டன் தாங்கலைன்னா திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்."

திங்கட்கிழமை தாண்டினால் அந்த வேலை வேறொருவருக்கு.

"தாங்கிட்டா?"

"அப்போ யாரும் எதையும் தூக்கலைன்னு அர்த்தம்."

"என்னங்க இது? நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எவனோ தூக்கலைன்னா, நீங்களும் தூக்க மாட்டீங்களா?"

(இங்கே அவருக்கு ஒரு பதில் எழுதினேன். அவர் வாயில் அது நிற்கவில்லை.)

4

முடிவு அ: முப்பத்தொன்றில் உடைகிறது. தோற்ற மனிதராகக் கிரேன் ஏறுகிறார். எனக்கே பிடிக்கவில்லை.

முடிவு ஆ: தாங்கிவிடுகிறது. அவள் குறைத்து எழுதிக் காட்டுகிறாள். ஒன்பது வருடத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றாதவள், பேனாவை எடுத்து...

இல்லை. அவளை அப்படிச் செய்யவைக்க நான் யார்?

இ: முப்பது டன் வரை ஏற்றினாள். விரிசல் இல்லை. இயந்திரத்தை நிறுத்தினாள். கியூபைப் பையில் போட்டாள். இது நான் சொல்லிக்கொடுத்ததல்ல.

5

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டின் அடியிலிருந்து கைபேசியில் அவரைக் கூப்பிட்டாள்.

"உடைஞ்சுதா?"

"பாதியில நிறுத்திட்டேன். கையோட கொண்டாந்துட்டேன். மேல ஏத்த முடியல, வாங்க."

"எட்டு கிலோதானே? காய்கறிப் பையோட ஓடி வர்ற ஆளு நீ."

"காய்கறி யார் வேணா தூக்கலாம். இது நீங்க வார்த்தது. நீங்களே தூக்குங்க."

அழைப்பைத் துண்டித்தாள்.

மேலே ஒரு கதவு திறந்தது என்று எழுதியிருக்கிறேன். அந்த மாடியில் மூன்று வீடுகள். எந்தக் கதவு என்று எழுதவில்லை, எழுதப்போவதுமில்லை. அவள் பையை முதல் படியில் வைத்து, பிடியை மேல்நோக்கித் திருப்பிவிட்டுச் சுவரோரம் நிற்கிறாள்.

நீங்களும் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். படிக்கட்டு குறுகல், யாராவது இறங்கி வந்தால் வழி வேண்டும்.