நட்சத்திரம் போட்ட லேபிள்

“ரத்தம் குடுத்த ரிஜிஸ்டரை எடுங்க. பழசெல்லாம் வேணும்.”

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள். இப்போது பின்னாலிருந்து மூத்த மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். ரத்த வங்கி அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தம்பி விடியற்காலையில் செத்துப்போனான். பதினேழு வயது. உடல் இன்னும் கைக்கு வரவில்லை. உடம்பில் ரத்தம் ஊறாத பிறவி நோய்; கைக்குழந்தையிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தம் ஏற்றித்தான் உயிரோடு இருந்தான். அந்த ரத்தத்தில் வந்த வைரஸ் அவன் ஈரலைத் தின்றது. சான்றிதழில் ‘இதயம் நின்றது’ என்று எழுதியிருந்தார்கள். செத்தவன் எவனுக்கு இதயம் துடிக்கிறது?

“அஞ்சு வருஷத்துக்கு முந்தின அந்த ஒரு வருஷத்து ரிஜிஸ்டர் மட்டும் மழையில நனைஞ்சு போச்சும்மா. எல்லாப் பையும் டெஸ்ட் பண்ணித்தான் குடுக்கிறோம். டெஸ்ட்ல சிக்காத கிருமியும் இருக்கு. என்ன செய்ய?”

“மழை அந்த ஒரு வருஷத்தை மட்டும் தேடிப் பிடிச்சு நனைச்சுதா?”

“விடுங்க சார்,” என்றாள் அம்மா. “நாலு எழுத்துப் படிச்ச திமிரு. எங்க வீட்ல காலேஜ் போனது இவ ஒருத்திதான்.”

“உங்க சின்னப் பொண்ணு இன்னைக்கு மேல வார்டுலதானே இருக்கு? அதுக்கு இங்கிருந்துதான் ரத்தம் வரணும். அதையும் யோசிங்க.”

அம்மாவின் பிடி இறுகியது. ஒன்பது வயதுச் சின்னவளுக்கும் அதே பிறவி நோய். அண்ணன் போனது அவளுக்கு இன்னும் தெரியாது.

மூத்தவள் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். காலையில் தம்பியின் படுக்கையைச் சுருட்டும்போது தலையணைக்கடியில் கிடைத்தது. மற்ற பையன்கள் தபால்தலை சேர்த்த வயதில் அவன் ரத்தப்பைகளின் லேபிளை உரித்துச் சேர்த்தான். தன்னுடையது, பக்கத்துக் கட்டில் பிள்ளைகளுடையது, எல்லாம். ஒவ்வொன்றின் அடியிலும் யாருக்கு ஏறிய பை என்று எழுதியிருந்தான்.

லேபிளில் நான்கு கட்டம். ஒவ்வொரு கிருமிக்கும் சோதனை முடிந்தால் ஒரு முத்திரை விழ வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முந்தின தேதி போட்ட மூன்று லேபிள்களில் கடைசிக் கட்டம், ஈரலைத் தின்னும் கிருமிக்கானது, காலி. வித்தியாசமாக இருந்ததால் அவன் அவற்றுக்குச் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டு, ‘அபூர்வம்’ என்று எழுதியிருந்தான்.

அதிகாரி கையை நீட்டினார். அவள் நோட்டைக் கொடுக்காமல் விரலை வைத்துக் காட்டினாள்.

“படிங்க சார். இது என் தம்பி. இது பக்கத்துக் கட்டில் பையன் குண்டு. இது யாரு?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“என்னடி எழுதியிருக்கான்?” அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

“சின்னவ பேரும்மா.”

அம்மா கையை விட்டாள்.

“இந்தக் கிருமிக்கு மாத்திரை இருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா தம்பிக்கு மூணு மாசத்துல சரியாயிருக்கும்.”

“நோட்டை வெச்சிட்டுப் போங்க,” என்றார் அதிகாரி. “நான் விசாரிக்கிறேன்.”

“எதுக்கு, இதையும் நனைக்கவா?”

பக்கம் மாறிவிடாமல் விரலை நடுவில் வைத்து நோட்டை மூடினாள். வெளியே வந்து, பிணவறைப் பக்கம் போகாமல் வார்டுக்கு மாடிப்படி ஏறினாள். குண்டுவின் அம்மா எப்போதும் ஜன்னலோரக் கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பாள்.